கருமுட்டைத் தானம் பெற வெளிநாடு செல்வது: கொழும்புத் தம்பதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

தானமாகக் கிடைக்கும் கருமுட்டையைப் பற்றி யோசியுங்கள் என்று வைத்தியர் சொன்னதும் பெரும்பாலான தம்பதிகள் முதலில் விசாரிப்பது சென்னைக்கு டிக்கெட் என்ன விலை, எந்த நிலையம் பெயர் பெற்றது என்பதைத்தான். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. சிகிச்சைக்காக அங்கே தங்கும் நாட்களும் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு வரும் கர்ப்பம், பிரசவம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் இங்கே, கொழும்பில். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஊர் திரும்பிய பிறகு கேட்டுப் பெற முடியாத தகவலையும் ஆவணத்தையும் பணம் கட்டுவதற்கு முன்னரே கேட்டு வாங்கிவிடுங்கள். இந்தியா சென்ற தம்பதிகள் சிலருக்குக் கோப்புகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தும், சிலருடன் கூடவே சென்றும் வந்தவள் நான். சிகிச்சை தோற்றதால் வந்த துயரத்தை என்னால் போக்க முடியாது. ஒரு தாளைக் கேட்காமல் விட்டதால் வரும் துயரத்தையாவது தவிர்க்கலாம்.

1. தானம் உண்மையில் தேவையா என்று உறுதிசெய்யுங்கள்

40 வயதுக்கு முன்பே சூலகம் செயலிழந்தவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையால் முட்டைகளை இழந்தவர்கள், டர்னர் குறைபாடு (பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைந்திருப்பது) உள்ளவர்கள், கடுமையான மரபணு நோயைக் கடத்தும் அபாயம் உள்ளவர்கள், சொந்த முட்டையில் பல தடவை ஐ.வி.எஃப். (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கருவாக்கும் முறை) செய்தும் நல்ல கரு உருவாகாதவர்கள் ஆகியோருக்கே இந்த வழி பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. நாற்பதுகளின் நடுப்பகுதியில் இருப்பவர்களுக்கும் அப்படியே.

ஏ.எம்.எச். என்ற ஹார்மோனின் இரத்தப் பரிசோதனையில் அளவு குறைந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவசரப்பட வேண்டாம். அந்தப் பரிசோதனை காட்டுவது மிஞ்சியிருக்கும் முட்டைகளின் எண்ணிக்கையைத்தான். அவற்றின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வயது. ஏ.எம்.எச். குறைந்த 31 வயதுப் பெண்ணும் அதே அளவு காட்டும் 44 வயதுப் பெண்ணும் ஒரே நிலையில் இல்லை. முதலாமவர் இன்னொரு வைத்தியரின் கருத்தைக் கேட்காமல் விமானம் ஏறக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கணவரின் விந்துப் பரிசோதனையைப் புதிதாகச் செய்யுங்கள். நார்க்கட்டி, கருப்பைக்குள் சதை வளர்ச்சி, பழைய ஒட்டுக்கள் இருக்கின்றனவா என்று பார்க்க ஸ்கேனும், தேவையென்றால் கருப்பை உள்நோக்கியும் செய்ய வேண்டும். தைரொயிட், இரத்த அழுத்தம், சீனி, ருபெல்லா எதிர்ப்புச் சக்தி, இரத்த வகை எல்லாவற்றையும் கொழும்பிலேயே முடித்துவிடலாம். அறிக்கைகளை ஒரே கோப்பில் திகதி வரிசைப்படி வையுங்கள். கொழும்பிலுள்ள தனியார் நிலையங்களிலும் ஐ.வி.எஃப். செய்யப்படுகிறது. ஆகவே வெளியூர்ப் பேச்சை எடுப்பதற்கு முன், இதை இங்கேயே செய்ய முடியுமா என்று உங்கள் வைத்தியரிடம் நேரடியாகக் கேளுங்கள். தங்கை தானம் தர முன்வந்திருக்கும் குடும்பம் கட்டாயம் கேட்க வேண்டும். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

2. இருவரும் பேசி முடியுங்கள்

தன் மரபணு பிள்ளைக்குப் போகாது என்பதை ஏற்றுக்கொள்வது ஒரு பெண்ணுக்கு இழப்புதான். கணவரின் விந்தணு பயன்படும்போது அந்த இழப்பு ஒருவருக்கு மட்டுமே நேர்கிறது. அதை வாய்விட்டுச் சொல்ல இடம் வேண்டும். மாமி, மச்சாள், அயல் வீடு எல்லோரும் 'விசேஷம் ஏதும் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஊரில் அந்த இடம் தானாகக் கிடைக்காது. சில மாதங்கள் எடுத்துக்கொள்வதில் பிழையில்லை. தானமுட்டைச் சிகிச்சையில் வெற்றி வாய்ப்பைத் தீர்மானிப்பது தானம் தரும் பெண்ணின் வயது. பெறுபவருடைய வயது அல்ல. ஆகவே மூன்று மாதம் யோசித்தால் மூன்று மாதம் வீணானது என்று அஞ்ச வேண்டியதில்லை.

மதம் முக்கியமானவர்கள் அதையும் இப்போதே பேசுங்கள். கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட போதனையிலேயே மூன்றாம் நபரின் முட்டையையோ விந்தணுவையோ பயன்படுத்துவதை மறுத்துவிட்டது. சுன்னி இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பான்மையோரின் தீர்ப்பும் அதுவே. முடிவு உங்களுடையது. ஆனால் அந்தப் போராட்டத்தைச் சிகிச்சையின் நடுவில் தொடங்குவது இருவரையும் நொறுக்கிவிடும்.

3. நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

கொழும்புத் தமிழர்களில் பெரும்பாலானோர் இந்தியாவுக்கே போகிறார்கள். மொழி, தூரம், சாப்பாடு, தங்கும் உறவுவீடு என்று காரணங்கள் வெளிப்படை. சட்டம்தான் பலருக்குத் தெரிவதில்லை.

இந்தியாவில் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குபடுத்தல் சட்டம் 2021இல் நிறைவேறியது. அதன்படி சிகிச்சை பெறும் பெண் 21 வயதுக்கு மேல் 50 வயதுக்குள்ளும், ஆண் 21க்கு மேல் 55க்குள்ளும் இருக்க வேண்டும். கணவருக்கு 56 வயது என்றால் வேறு கதவைத்தான் தட்ட வேண்டும். முட்டைத் தானம் தருபவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை மட்டுமே தரலாம். அவரிடமிருந்து 7 முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது. ஒரு தானியின் (தானம் தருபவரின்) முட்டைகளை ஒரு தம்பதிக்கு மேல் கொடுக்கவும் கூடாது. தானம் பதிவுபெற்ற வங்கியின் வழியாக வருகிறது. தானம் தந்தவர் யாரென்று உங்களுக்குச் சொல்லப்படாது. ஆகவேதான் தங்கையின் முட்டை என்ற திட்டத்தோடு அங்கே போய் இறங்காதீர்கள் என்கிறேன்.

அந்த 7 என்ற எண்ணைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 முட்டைகளும் முதிர்ந்தவையாக இருந்தால் ஏறக்குறைய 5 கருவுறலாம். அவற்றில் 2 அல்லது 3 ஐந்தாம் நாள் கருவாக வளரலாம். 'பதினைந்து முட்டை உறுதி' என்று ஒருவர் சொன்னால், அவர் ஒன்றுக்கு மேற்பட்ட தானிகளைச் சொல்கிறாரா, சட்டத்துக்கு வெளியே நிற்கிறாரா என்று கேளுங்கள். பழைய காலத்து விளம்பரங்களை நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூரில் கருமுட்டையைக் காசுக்கு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம். தானி கிடைப்பது அரிது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்தச் சிகிச்சை கிடைக்கிறது. முஸ்லிம்களுக்கு மார்க்கத் தீர்ப்பு தடையாக இருக்கிறது. தாய்லாந்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டம் முட்டை விற்பனையைத் தடைசெய்கிறது. வெளிநாட்டவருக்கு வாடகைத் தாய்முறையும் அங்கே மூடப்பட்டுவிட்டது. ஐரோப்பாவில் உறவினர் இருப்பவர்கள் ஜெர்மனி என்று யோசித்தால், அங்கே முட்டைத் தானத்துக்கே சட்டத்தில் தடை. பிரித்தானியாவில் 2005 ஏப்ரலுக்குப் பின் தானம் தந்தவரின் அடையாளத்தைப் பிள்ளை 18 வயதில் கேட்டறிய முடியும். பிள்ளைக்கு என்றாவது அந்த உரிமை இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய வேறுபாடு.

வாடகைத் தாய்முறையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தியா வெளிநாட்டுத் தம்பதிகளுக்கு அதை அனுமதிப்பதில்லை. முட்டைத் தானத்தில் கருவைச் சுமப்பவரும் பெற்றெடுப்பவரும் மனைவிதான். பிரசவம் இலங்கையில் நடந்தால் குடியுரிமை, கடவுச்சீட்டு என்று எந்தச் சிக்கலும் எழாது.

4. நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியாவில் ஒவ்வொரு நிலையமும் தேசியப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். முதல்நிலை நிலையங்கள் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை மட்டுமே செய்யலாம். ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம்நிலைப் பதிவு வேண்டும். பதிவு எண்ணையும், முட்டை வங்கியின் பதிவு எண்ணையும் எழுத்தில் கேளுங்கள். தயங்கினால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள்.

வெற்றி வீதம் கேட்கும்போது கேள்வியைச் சரியாகக் கேட்க வேண்டும். 'எழுபது சதவீதம்' என்பது கர்ப்பப் பரிசோதனை நேர்மறையானதைக் குறிக்கலாம். நீங்கள் கேட்க வேண்டியது இது: தானமுட்டையில் உருவான கருவைக் கருப்பையில் ஒரு தடவை வைத்தால் உயிருடன் பிள்ளை பிறப்பது எத்தனை பேருக்கு? நல்ல நிலையங்களில்கூட அது பாதியைச் சுற்றியே இருக்கும். அதாவது முதல் முயற்சியில் வெறுங்கையுடன் திரும்புவது வழக்கமான ஒன்று. பணத்தையும் மனதையும் அதற்கேற்ப ஒதுக்குங்கள்.

'நூறு வீதம் உத்தரவாதம்', 'ஆண் பிள்ளைக்கு ஏற்பாடு' என்று பேசும் இடைத்தரகர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். பாலினம் தெரிந்தெடுப்பதை இந்தியா 1994ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்துவிட்டது. அதைச் செய்து தருவதாகச் சொல்பவர் மற்ற விடயங்களிலும் சட்டத்தை மதிக்கப்போவதில்லை. நிலையத்துடன் நேரடியாகவே பேசுங்கள்.

5. தானம் தருபவரைப் பற்றி என்ன கேட்பது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். பெரும்பாலானோர் நிறத்தையும் உயரத்தையும் கேட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். சாதி என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அது எந்த இரத்தப் பரிசோதனையிலும் வராது. பிள்ளையின் உடம்பில் ஒன்றையும் தீர்மானிக்காது. அந்தக் கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய். இலங்கையில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் பலர். குருநாகலில் இதற்கென்றே பெரிய சிகிச்சை நிலையம் இயங்குவது அதனால்தான். இந்தியாவிலும் அப்படியே. சுமப்பவருக்கு எந்த நோய்க்குறியும் இராது. கணவரும் தானம் தருபவரும் இருவருமே சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கணவர் கொழும்பிலேயே ஹீமோகுளோபின் வகைப் பரிசோதனையைச் செய்து அறிக்கையைக் கொண்டுபோக வேண்டும். தானியின் அறிக்கையையும் வைத்தியர் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சி, சிபிலிஸ் பரிசோதனைகள், குரோமோசோம் அறிக்கை, இரத்த வகை, குடும்ப நோய் வரலாறு ஆகியவற்றையும் கேளுங்கள். பெயர் மறைக்கப்பட்ட பிரதியைத் தருவார்கள், அது போதும். தானியின் வயது மட்டும் எழுத்தில் கட்டாயம் வேண்டும். கொழும்பில் அது எப்படிப் பயன்படும் என்பதை ஒன்பதாம் படியில் பாருங்கள்.

சென்னையில் ஒரு நிலையத்தில், சம்மதப் படிவங்களை ஒருவர் விறுவிறுவென்று புரட்டி, கையொப்ப இடங்களை விரலால் காட்டிக்கொண்டே போனார். கூட வந்த தங்கை ஒரு பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, தானம் தருகிற பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பார்ப்பார்கள்?" அறை ஒரு கணம் அமைதியானது. பிறகு காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை எடுத்து வந்து காட்டினார்கள்.

அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். தானம் தருபவர் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்தின் கீழ் முட்டை எடுக்க ஒப்புக்கொடுக்கிறார். சூலகம் அளவுக்கு மிஞ்சித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் சேரும் ஆபத்து உண்டு. சரியான மருந்துத் தேர்வால் அதைப் பெரிதும் குறைக்கலாம். இந்தியச் சட்டப்படி அவருக்குக் காப்புறுதி எடுப்பது கட்டாயம். அந்தச் செலவு உங்கள் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள்.

6. பணமும் விசாவும்

மொத்தக் கட்டணத்தை ஒரே தாளில் கேளுங்கள். தானிக்கும் வங்கிக்குமான செலவு, அவருடைய மருந்து, ஆய்வுகூடக் கட்டணம், உறையவைத்தல், வருடாந்தச் சேமிப்பு, இரண்டாவது தடவை கரு வைத்தால் எவ்வளவு, முட்டை கிடைக்காமல் போனால் எவ்வளவு திரும்பும் என்பவை தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். பணத்தை வங்கி ஊடாக அனுப்பி ரசீது வாங்குங்கள். வைத்தியரின் கடிதத்துடன் உங்கள் கொழும்பு வங்கியில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

சுற்றுலா விசாவில் சிகிச்சைக்குப் போகாதீர்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்திய மருத்துவ மின்விசா கிடைக்கிறது. முதல் நுழைவிலிருந்து 60 நாட்களுக்குள் மூன்று தடவை நுழையலாம். கூட வருபவருக்கும் தனிப் பிரிவு உண்டு. நிலையத்தின் கடிதத்தாளில் சிகிச்சைக் காலம் குறிப்பிட்ட கடிதம் தேவை. விதிகள் மாறக்கூடும் என்பதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் இந்திய அரசின் விசா தளத்தையே பாருங்கள். விவாகச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் செய்து கையில் வைத்திருங்கள்.

7. முதல் பயணம்

பெரும்பாலானோருக்கு இரண்டு பயணம் வசதியானது. முதல் பயணத்தில் ஆலோசனை, சம்மதக் கையொப்பம், கணவரின் விந்தணுவை உறையவைத்தல் ஆகியவற்றை முடித்துவிடலாம். அதன் பின் தானி தயாராகும்போது நீங்கள் கொழும்பில் இருக்கலாம். முட்டைகள் எடுக்கப்பட்டு, கருவாக்கப்பட்டு, ஐந்தாம் நாளில் உறையவைக்கப்படும். எத்தனை முட்டை எடுக்கப்பட்டது, எத்தனை முதிர்ந்தது, எத்தனை கருவுற்றது, எத்தனை உறையவைக்கப்பட்டது என்ற நான்கு எண்களையும் திகதியுடன் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

8. கருப்பையைத் தயார்படுத்துதலும் கரு வைத்தலும்

மாதவிலக்கு தொடங்கியதும் ஈஸ்ட்ரஜன் குளிசைகளை ஆரம்பிப்பார்கள். பத்து, பன்னிரண்டு நாட்களில் கருப்பை உட்படலத்தின் தடிப்பை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். 7, 8 மில்லிமீற்றர் வந்தால், கரு ஒட்ட உதவும் புரொஜெஸ்டரோன் மருந்து தொடங்கும். அது தொடங்கிய ஆறாம் நாளில் கருவை வைப்பது வழக்கம். இந்த ஸ்கேனைக் கொழும்பிலேயே எடுத்து அனுப்பலாம். அதற்கு நாள் குறிக்கும்போது போயா விடுமுறையைப் பாருங்கள். பல வைத்தியர்கள் அன்று இருக்கமாட்டார்கள். சென்னையில் பொங்கலும் தீபாவளியும் அப்படியே.

புரொஜெஸ்டரோன் தொடங்கும் நேரம் மிக முக்கியம். கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே நேரம்தான். கோலாலம்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் எந்த ஊர் நேரம் என்று தாளில் எழுதி வாங்குங்கள்.

ஒரு தடவையில் ஒரு கரு மட்டும் வையுங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இரண்டு வையுங்கள்' என்று கேட்பது புரிகிறது. ஆனால் இரட்டைக் கர்ப்பத்தில் குறைமாதப் பிரசவமும் இரத்த அழுத்தமும் கூடும். வைத்த இரண்டில் ஒன்று பிரிந்து மூன்று உருவாகிவிட்டால் எண்ணிக்கையைக் குறைக்கும் வழியும் இங்கே திறந்தில்லை. 1883ஆம் ஆண்டின் எங்கள் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது.

கரு வைத்த பின் கட்டிலிலேயே கிடக்க வேண்டியதில்லை. படுத்திருப்பதால் வாய்ப்புக் கூடுவதாக எந்த ஆய்வும் காட்டவில்லை. ஓரிரு நாளில் ஊர் திரும்பலாம். புறப்படும் முன் 12 வாரம் வரைக்குமான மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள். வைத்தியரின் சீட்டைக் கைப்பையில் வையுங்கள்.

9. கொழும்பில் கர்ப்பம்

கரு வைத்து இரண்டு வாரத்தில், கர்ப்பம் தங்கியதா என்று காட்டும் பீட்டா எச்.சி.ஜி. இரத்தப் பரிசோதனை, 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வுகூடத்தில் மீண்டும் ஒன்று. அதன் பின் ஸ்கேன். புரொஜெஸ்டரோனை யார் சொல்லி நிறுத்துவது என்பதை இரு ஊர் வைத்தியர்களும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும்.

பிரசவம் பார்க்கும் வைத்தியரிடம் இது தானமுட்டைக் கர்ப்பம் என்று சொல்லியே ஆக வேண்டும். மறைக்கும் ஆசை இயல்பு. ஆனால் இரண்டு காரணங்களுக்காக அதை விட்டுவிடுங்கள்.

முதலாவது, தானமுட்டைக் கர்ப்பங்களில் உயர் இரத்த அழுத்தமும் பிரீ எக்ளாம்ப்சியாவும் (உயர் அழுத்தத்துடன் உறுப்புகளையும் பாதிக்கும் கர்ப்பகால நோய்) வழக்கத்தைவிட அதிகம். தெரிந்திருந்தால் வைத்தியர் 12ஆம் வாரத்தையொட்டிச் சிறு அளவு அஸ்பிரின் கொடுக்கலாமா என்று முடிவெடுப்பார். அழுத்தத்தை அடிக்கடி பார்ப்பார். இரண்டாவது, டவுன் குறைபாட்டு அபாயக் கணக்கு. அதில் முட்டையின் வயதுதான் கணக்கில் வர வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணி அட்டையில் தாயின் வயதை 43 என்று எழுதுகிறார். அதுவே ஆய்வுகூடப் படிவத்துக்கும் போகிறது. அறிக்கை 'அதிக ஆபத்து' என்று வருகிறது. உண்மையில் முட்டை 26 வயதுப் பெண்ணுடையது. ஒரு தவறான எண்ணால் வாரக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்த தம்பதியை நான் அறிவேன். தானியின் வயதை எழுத்தில் வாங்கச் சொன்னது இதற்காகவே.

அட்டையில் தானம் என்று எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளலாம். வைத்தியரின் தனிக் கோப்பில் இருந்தால் போதும்.

பிறப்புப் பதிவில் பெற்றெடுத்தவரே தாயாக எழுதப்படுவார். விவாகத்துக்குள் பிறக்கும் பிள்ளை கணவருடைய பிள்ளை என்று 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொள்கிறது. 42 நாட்களுக்குள் பதிந்துவிடுங்கள். சிகிச்சைத் தாள்களைப் பதிவாளரிடம் காட்ட வேண்டியதில்லை.

10. பிள்ளைக்குச் சொல்வது, மிஞ்சிய கருக்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பொக் தலைமையிலான குழு, மூன்றாம் நபரின் உதவியால் பிறந்த பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து 20 வயதுவரை தொடர்ந்து கவனித்து 2023இல் முடிவுகளை வெளியிட்டது. மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்கள் நலமாக இருந்தார்கள். 7 வயதுக்கு முன்பே உண்மையை அறிந்தவர்களுக்கும் தாய்க்கும் இடையே உறவு மேலும் நன்றாக இருந்தது. நான் சொல்லுங்கள் என்ற பக்கம்தான். உமிழ்நீர் கொண்டு வீட்டிலேயே செய்யும் மரபணுச் சோதனை உலகெங்கும் பரவிவிட்டது. கனடாவில் படிக்கும் பிள்ளை விளையாட்டாக ஒரு குழாயில் துப்பினால் தெரிந்துவிடும். அப்போது வேறு யாரோ சொல்லி அறிவதைவிட, 'அம்மாவுக்கு ஒரு அன்ரி உதவி செய்தார்' என்று நான்கு வயதில் கதையாகக் கேட்பது எவ்வளவோ மேல். ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதில்லை. பிள்ளைக்குத் தெரியும் முன் தெரிந்தவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கட்டும்.

மிஞ்சிய கருக்களை இந்தியாவில் அதிகபட்சம் 10 ஆண்டுகள் வைத்திருக்கலாம். சொந்தப் பாவனைக்காக அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுவர, இந்தச் சிகிச்சைகளை மேற்பார்க்கும் இந்தியத் தேசிய சபையின் அனுமதி வேண்டும். ஆகவே இரண்டாவது பிள்ளைக்கும் அங்கேயே போக வேண்டியிருக்கும் என்று எண்ணித் திட்டமிடுங்கள். இருவரில் ஒருவர் இறந்தால், அல்லது பிரிந்தால் கருக்களை என்ன செய்வது என்ற பகுதியைச் சம்மதப் படிவத்தில் வெறுமையாக விடாதீர்கள். சேமிப்புக் கட்டணத்தின் அறிவித்தல் ஒருவருடைய மின்னஞ்சலுக்கு மட்டும் போகும்படி விடாமல் இருவருடைய முகவரியையும் கொடுங்கள். முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறினால் அந்த மாதமே நிலையத்துக்கு எழுதி அறிவியுங்கள்.